சேற்று நண்டின் மருந்துப் பை

பிச்சாவரம் பக்கம் பிடிபடும் களி நண்டுகளின் கொடுக்குகளைக் கட்டித்தான் கூடையில் போடுவார்கள். கூடையைக் கிளறினால் ஒற்றைக் கொடுக்கு நண்டு ஒன்றாவது கிடைக்கும். மற்றது சண்டையில் போயிருக்கும். சுரபுன்னைக் காட்டுச் சேற்றில் கிருமிகளுக்குப் பஞ்சமில்லை. முறிந்த இடம் சட்டென மூடிக்கொள்ளும் என்றாலும், அதற்குள் நுழைந்துவிட்ட கிருமியை நண்டு என்ன செய்கிறது?

நமக்கிருப்பது போன்ற ஆன்டிபாடி அதற்குக் கிடையாது. அதன் ரத்தம் தாமிரம் கலந்தது. காற்றுப் பட்டால் வெளிர்நீலமாகும். அதில் மிதக்கும் அணுக்களுக்குள் சிறு பைகள், பைகளுக்குள் பெப்டைடுகள் எனும் குட்டைப் புரதச் சரங்கள். கிருமி நுழைந்தது தெரிந்தால் பை அவிழும். 1988-ல் ஜப்பானியர்கள் குதிரைலாட நண்டில் (பெயரில்தான் நண்டு, உறவு சிலந்தியோடு) கண்டெடுத்த டாக்கிப்ளெசினில் இருப்பவை 17 அமினோ அமிலங்களே. பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டிய அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையத்திலும் நண்டு ரத்தத்தைக் கிருமிகள் மீது சோதித்திருக்கிறார்கள்.

மீன் சட்டியின் பிசுக்கை சோப்பு எடுப்பது போன்றதுதான் இந்தப் பெப்டைடுகளின் வேலை. சோப்பைப் போலவே பெப்டைடின் ஒரு பக்கம் தண்ணீரோடு சேரும், மறுபக்கம் எண்ணெயோடு சேரும். பாக்டீரியாவைச் சுற்றியிருப்பது கொழுப்புச் சவ்வு. அதன் வெளிப்புறம் எதிர்மின்னூட்டம், பெப்டைடு நேர்மின்னூட்டம், போய் ஒட்டிக்கொள்கிறது. நம் செல்களின் வெளிப்புறத்தில் அந்த ஈர்ப்பு குறைவு, கொலஸ்ட்ராலும் சவ்வை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதனால் பெரும்பாலும் தப்பிக்கிறோம். அளவு கூடினால் நம் சிவப்பணுவும் உடையும்.

ஒன்றிரண்டு ஒட்டினால் கிருமிக்கு ஒன்றுமில்லை. கூட்டம் சேர்ந்ததும் சில வகைப் பெப்டைடுகள் பீப்பாய்ப் பலகைகளைப் போல வட்டமாக நின்று துளை போடும். சில பாய் விரித்ததுபோலப் படர்ந்து சவ்வைக் கிழிக்கும். பொட்டாசியம் வெளியே ஒழுக, நிமிடங்களில் கிருமி செத்துவிடும்.

பென்சிலின் தாக்குவது ஒரு நொதியை. அந்த நொதியை மாற்றிக்கொண்டு பாக்டீரியா தப்பிவிடும். சவ்வு முழுவதையும் மாற்றுவது அதைவிடக் கடினம். ஆனால் முடியாததல்ல. இதே பாணியில் சவ்வைக் குலைக்கும் கொலிஸ்டின், மற்ற மருந்துகள் கைவிட்ட நோயாளிக்கு மருத்துவர்கள் கடைசியாக எடுப்பது. அதைக் கோழித் தீவனத்தில், சீக்கிரம் வளரட்டும் என்று கலந்தார்கள். சவ்வின் எதிர்மின்னூட்டத்தைக் குறைத்து கொலிஸ்டினை ஒட்டவிடாமல் செய்யும் மரபணு, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதைச் சீன ஆய்வாளர்கள் 2015-ல் அறிவித்தார்கள். இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டினைத் தடை செய்தது.

நோயே இல்லாத கோழிக்கு நாம் அவிழ்த்துக் கொட்டிய பை அது. களி நண்டு கிருமி வந்த பிறகுதான் அவிழ்க்கிறது.