வேட்டைத் தோட்டா: எடையும் விசையும் காயமும்

அத்திப்பட்டில் இருந்துகொண்டு புலி வேட்டைக்கும் யானை வேட்டைக்கும் உரிய தோட்டாக்களைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். நம்மைச் சுற்றி உள்ளவை கழிமுகமும் உப்பளமும் புகைபோக்கிகளுமே. காடு இங்கில்லை. எனினும் வெடிமருந்துக்கும் நம் கடற்கரைக்கும் உள்ள உறவு பழமையானது. நமக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினர். அந்நூற்றாண்டிலேயே அங்கு வெடிமருந்து ஆலை ஒன்றை நடத்தி, தம் கீழைநாட்டுக் குடியிருப்புகளுக்குக் கப்பலேற்றினர். சொற்களும் அவ்வாறே கடல் கடந்தும் வடக்கிலிருந்தும் வந்தன. துப்பாக்கி என்பது துருக்கி மொழிவழி வந்த சொல் என்பர். தோட்டா உருது வழி வந்தது. ஷிகாரி பாரசீகத்தினின்று பிறந்தது. மூன்றும் இன்று தமிழ்ச் சொற்களாகவே வழங்குகின்றன.

முதலில் தோட்டா என்பது யாது எனக் காண்போம். பேச்சுவழக்கில் குண்டையும் தோட்டாவையும் நாம் ஒன்றாகவே கருதுகிறோம். தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் சிறு மூடி, உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது. பறந்து சென்று தைப்பது குண்டு மட்டுமே. ஒரு காலத்தில் கூடு காகிதத்தால் ஆனது. அதைப் பல்லால் கிழித்து மருந்தைக் குழலில் கொட்டினர். அக்காகிதத்தில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவப்பட்டுள்ளன என்ற செய்தி 1857-இல் இந்துச் சிப்பாய்களையும் முஸ்லிம் சிப்பாய்களையும் ஒருசேரக் கொதித்தெழச் செய்ததை வரலாற்று மாணவர் அறிவர்.

வேட்டைத் தோட்டாக்களை ஒப்பிடுவோர் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, எது பெரியது என்பதாகும். கரிமருந்துக் காலத்தில் அக்கேள்வியில் நியாயம் இருந்தது. கரிமருந்தால் குண்டின் வேகத்தை ஓர் அளவுக்கு மேல் உயர்த்த இயலாது. ஆகவே எடையைக் கூட்டுவதே வழியாயிற்று. இலங்கையின் நுவரெலியாவில் 1840-களின் இறுதியில் குடியேறிய சாமுவேல் பேக்கரும், மைசூர்ப் பகுதிக் காடுகளில் யானை பிடித்த சாண்டர்சனும் பெருந்துப்பாக்கிகளையே நம்பினர். சாண்டர்சன் யானைக்குப் பயன்படுத்தியது 'நாலு போர்' துப்பாக்கி. ஒரு பவுண்டு ஈயத்தில் நான்கே குண்டுகள் என்பது அதன் பொருள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 113 கிராம். சுட்டவனின் தோளும் யானையின் தலையும் ஒரே வேளையில் அடி வாங்கின என்று சொன்னால் மிகையாகாது.

1889-இல் கார்டைட் என்னும் புகையில்லா மருந்து வந்ததும் நிலை மாறியது. லண்டன் ரிக்பி நிறுவனம் 1898-இல் அறிமுகப்படுத்திய .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவில் குண்டு 31 கிராம்தான். ஆனால் அது நொடிக்கு 655 மீட்டர் வேகத்தில் புறப்பட்டது. அதன் ஆற்றல் ஏறத்தாழ 6700 ஜூல். (.450 என்பது ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்தால் 450 பங்கு அகலமுள்ள குழல் எனப் பொருள்படும்.) இதற்குப் பின்னாலுள்ள அழுத்தத்தை நம் ஊர் மாணவர் எளிதில் உணரலாம். நமதூர் வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் நிலைக் கொதிகலன்களில் நீராவி காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 150 மடங்கில் அடங்கியிருக்கிறது. அத்தோட்டாவினுள் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியளவே தோன்றி மறையும் அழுத்தமோ 3000 மடங்கை நெருங்கும்.

இதில் நம் நாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று எழுந்தது. இங்கிலாந்தின் குளிரில் அளந்து நிரப்பிய கார்டைட், நம் கத்திரி வெயிலில் கூடுதல் வேகத்துடன் எரிந்து அழுத்தத்தை மேலும் உயர்த்தியது. பித்தளைக் கூடு விரிந்து குழலில் இறுகிக்கொள்ளும். இரட்டைக்குழல் துப்பாக்கியில் கூடு கழலாவிடில் மூன்றாவது வேட்டு இல்லை. எதிரில் நிற்பது காயம்பட்ட விலங்கு. ஆதலால் வெப்ப நாடுகளுக்கெனச் சற்றே மருந்து குறைத்த தோட்டாக்களைத் தனியே செய்தனர். பழைய இரட்டைக்குழல் தோட்டாக்கள் நீண்டு பருத்திருப்பதும் இதனோடு தொடர்புடையதே. கூட்டினுள் இடம் மிகுந்தால் அழுத்தம் தணியும்.

அடுத்து வந்தது அரசியல். பிரிட்டிஷ் அரசு 1907-இல் இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவுத் தோட்டாக்களைத் தடை செய்தது. பழைய மார்ட்டினி-ஹென்றி இராணுவத் துப்பாக்கிகள் அவ்வளவினவே. மக்கள் கையில் அவற்றுக்குத் தோட்டா கிடைத்துவிடக் கூடாது என்ற அச்சமே காரணம். லண்டன் துப்பாக்கிக் கம்மியர் சளைக்கவில்லை. .465, .470, .475, .476 என வரிசையாகப் புதிய அளவுகளைக் கொணர்ந்தனர். தடைசெய்யப்பட்ட .450 குண்டுக்கும் இவற்றுள் புகழ்பெற்ற .470 குண்டுக்கும் விட்ட வேறுபாடு அரை மில்லிமீட்டருக்கும் குறைவே. சட்டத்துக்கு அஞ்சிப் பிறந்த அளவுகளைப் பிற்காலத்தார் ஆய்ந்து தேர்ந்த அளவுகளெனப் போற்றுவது நகைப்புக்குரியது. அந்த அச்சம் விடுதலைக்குப் பின்னும் மறையவில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழும் .303 போன்ற இராணுவ அளவுகள் பொதுமக்களுக்கு விலக்கப்பட்டவை. நம் அரசு ஆயுதத் தொழிற்சாலை பொதுமக்களுக்கென .315 என்ற அளவில் துப்பாக்கி செய்ததற்கு அதுவே காரணம்.

இனி ஒப்பீட்டின் உயிர்நாடிக்கு வருவோம். விலங்கின் உடலுக்குள் குண்டு எவ்வளவு ஆழம் செல்லும் என்பதை அதன் எடை மட்டும் முடிவு செய்வதில்லை. எடை எத்தனை பரப்பின் மீது அமர்ந்துள்ளது என்பதே முதன்மையானது. ஒரே எடையுள்ள கடப்பாரையையும் சம்மட்டியையும் மண்ணில் போட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

இதற்கு இரண்டு தோட்டாக்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று அமெரிக்க வின்செஸ்டர் நிறுவனம் 1904-இல் வெளியிட்ட .405. பெங்களூரில் வாழ்ந்து ஜவளகிரி, பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடித் திரிந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) கையாண்டது இதுவே. அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்கச் சிங்கங்களுக்கு எதிராகக் கொண்டு சென்றதும் இதுவே. மற்றொன்று ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 1912-இல் வெளியிட்ட .375. இரண்டிலும் குண்டின் எடை 19.4 கிராமாக இருக்கலாம். ஆனால் .405 குண்டு அகலமானது. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு ஏறத்தாழ 22.7 கிராம். .375 குண்டு ஒடுங்கி நீண்டது; அதே பரப்புக்கு 27.3 கிராம். வேகமும் முன்னதில் 670 மீட்டர், பின்னதில் 760 மீட்டர். ஆண்டர்சனின் தோட்டா புலிக்கும் சிறுத்தைக்கும் தாராளம். யானையின் மண்டையில் தேன்கூடுபோல் அமைந்த எலும்பைக் கடந்து மூளையை எட்டவேண்டும் எனில் .375-ஐயே நாம் தேர்வோம்.

இக்கணக்கு இன்னொரு புதிரையும் அவிழ்க்கிறது. ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்ற பெல் என்பவர், அவற்றுள் பெரும்பாலானவற்றை .275 என்னும் சிறு தோட்டாவால் வீழ்த்தினார். அவர் பயன்படுத்திய குண்டு 11.2 கிராமே. ஆனால் சதுர சென்டிமீட்டருக்கு 27.4 கிராம், அதாவது பெரிய.375-க்கு ஒப்பானது. யானை மண்டையை அறுத்துப் பார்த்து மூளை கிடக்கும் இடத்தைப் பாடமாக்கியவர் அவர். அப்பாடம் கல்லாதவன் கையில் அதே தோட்டா யானையைப் புண்படுத்தவே உதவும்.

குண்டின் உறை அடுத்த செய்தி. முழுவதும் கடின உறையிட்ட குண்டு உருக்குலையாமல் ஊடுருவும். யானைக்கும் காட்டுமாட்டுக்கும் (மக்கள் காட்டெருமை என வழங்குவது) அதுவே ஏற்றது. முனையில் ஈயம் வெளித்தெரியும் மென்முனைக் குண்டு உடலுக்குள் காளான்போல் விரியும். தோல் மெலிந்த புலிக்கு அது வேண்டும். கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் படைக்கலச் சாலையில் 1890-களில் இத்தகைய விரியும் குண்டு செய்யப்பட்டது; போரில் அது கொடியது என 1899-இல் ஹேக் மாநாடு விலக்கியது. வேட்டையிலோ நிலைமை தலைகீழ். இராணுவக் கடின உறைக் குண்டு புலியின் உடலில் மெல்லிய துளையிட்டு வெளியேறிவிடும். புலி விழாது, ஓடும். போர்க்களத்தில் இரக்கமெனப் போற்றப்பட்ட குண்டு காட்டில் கொடுமையாகிறது.

அக்கொடுமையை அனுபவித்தவர் வேட்டைக்காரர் அல்லர். விறகு பொறுக்கச் சென்ற பெண்களும், மாடு மேய்த்த சிறுவர்களும், தபால் சுமந்தவர்களுமே. நேபாளத்திலும் குமாயூனிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை ஜிம் கார்பெட் 1907-இல் சுட்டு வீழ்த்தினார். அதன் வலப்பக்க மேல், கீழ்க் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயமே அதற்குக் காரணம் என அவர் பதிவு செய்தார். இயல்பான இரையைப் பற்ற இயலாத புலி மனிதரை நாடியது. என்றோ ஒருவன் பொருந்தாத ஆயுதத்தாலோ பொறுப்பற்ற குறியாலோ சுட்டுவிட்டு, காயம்பட்ட விலங்கைப் பின்தொடராமல் வீடு திரும்பினான். விலையைச் செலுத்தியவர்கள் அவனை அறியாத ஊரார். சம்பாவத் வெற்றிக்காக ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் கார்பெட்டுக்கு அளித்த பரிசு .275 ரிக்பி துப்பாக்கி. 1926-இல் ருத்ரபிரயாக் சிறுத்தையை அவர் வீழ்த்தியது அதனாலேயே. புலிகளுக்கு அவர் பெரிதும் நம்பியது 26 கிராம் குண்டுடைய .450/400. விலங்குக்கேற்ப தோட்டாவை மாற்றிய அந்த நிதானத்தை நாம் மதிக்கிறோம்.

நம் மாநிலத்தில் வேட்டையை நெறிப்படுத்தும் முயற்சி நீலகிரியில் முளைத்தது. 1877-இல் வேட்டைச் சங்கம் தோன்றியது. 1879-இல் சென்னை மாகாணச் சட்டம் ஒன்று நிறைவேறியது. அவை காத்தவை வேட்டைக்காரரின் எதிர்கால வேட்டையையே என்று சொல்வது பொருந்தும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்தான் விலங்குக்காகவே விலங்கைக் காக்கும் நிலைக்கு வந்தது. இன்று மனித உயிருக்கு ஆபத்தாகி, வேறு வழியில்லை எனத் தலைமை வனஉயிரினக் காப்பாளர் எழுத்தில் ஆணையிட்டாலன்றிப் புலியைச் சுட முடியாது. நீலகிரியில் தொட்டபெட்டா அருகே மூவரைக் கொன்ற புலி 2014 சனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டது. 2021 அக்டோபரில் மசினகுடிப் பகுதியில் டி-23 எனப் பெயரிட்ட புலி மயக்க ஊசியால் உயிருடன் பிடிக்கப்பட்டு மைசூருக்கு அனுப்பப்பட்டது.

மயக்க ஊசித் துப்பாக்கியில் மேலே கண்ட கணக்குகள் யாவும் தலைகீழாகின்றன. ஊசி தோலைக் கடந்து தசையில் நிற்க வேண்டும். எலும்பைத் தொடக் கூடாது. ஆதலால் அது கனமாகவும் மெதுவாகவும் செல்கிறது. சற்று விலகினாலும் குறி தவறுகிறது. சுடுபவர் சில பத்து மீட்டர் தொலைவுக்குள் நெருங்க வேண்டியுள்ளது. விலங்கின் எடையைக் கண்ணாலேயே மதிப்பிட்டு மருந்தின் அளவை நிறுத்தாக வேண்டும்; மிகுந்தால் விலங்கு இறக்கும், குறைந்தால் பாதி மயக்கத்தில் திரும்பிப் பாயும். சில துப்பாக்கிகளில் இவ்வூசியைச் செலுத்துவது அழுத்தப்பட்ட கரியமில வாயு. வேறு சிலவற்றில், குண்டில்லாமல் மருந்து மட்டும் அடைத்த .22 தோட்டா ஒன்று அவ்வேலையைச் செய்கிறது.