பழைய நாற்சில்லு உந்துவண்டியில் தானியங்கிக் கியர்ப்பெட்டி: தேர்வும் மாற்றமும்

மேடுபள்ளங்களைப் பொருட்படுத்தாது செல்லவல்ல வண்டியொன்றை ஆக்குதற்கு இரண்டு கருத்துகள் துணைநின்றன. எஞ்சினின் வலுவை நான்கு சில்லுகளுக்கும் பகிர்ந்தளித்தல் ஒன்று. அவ்வலுவைக் குறைந்த வேகத்திலே பெருகிய முறுக்குவிசையாக மாற்றித் தருதல் மற்றையது. முன்னையது பகிர்வுப்பெட்டியின் தொழில். பின்னையது பெரிதும் கியர்ப்பெட்டியின் தொழில். ஆதலின் இவ்வகை வண்டியில் கியர்ப்பெட்டியை மாற்ற எண்ணுபவர் ஓர் உறுப்பை மட்டும் மாற்றுகின்றாரல்லர். எஞ்சின் முதல் ரயர் வரை நீளும் சங்கிலியொன்றின் நடுக் கண்ணியை மாற்றுகின்றார். இவ்வுண்மையை மறந்து செய்யும் மாற்றம் பொருட்கேட்டையும், சிலவேளை உயிர்க்கேட்டையும் விளைத்தல் கூடும்.

இதனை விளக்குதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தார் 1973 முதல் 1987 வரை ஒரே அமைப்பில் வெளியிட்ட செவ்ரொலே கே-10, கே-20 எனும் சிறு பாரவண்டிகள் தக்க எடுத்துக்காட்டாகும். அவற்றுட் பல எஸ்.எம். 465 எனும் நான்கு கியர்களைக் கொண்ட கைக்கியர்ப்பெட்டியோடு வெளிவந்தன. அவ்வண்டிகளைப் பேணி ஓட்டுவோர் இன்றும் உளர். அவருட் சிலர் முழங்கால் நோவினாற் கிளச்சை மிதிக்க இயலாதவர். சிலர் நெடுஞ்சாலையில் எஞ்சினின் இரைச்சலையும் எரிபொருட் செலவையுங் குறைக்க விரும்புபவர். சிலர் பாறைவழியிற் கிளச்சோடு போராடிக் களைத்தவர். இவர் யாவரும் தானியங்கிக் கியர்ப்பெட்டியை நாடுகின்றனர். எதனைத் தெரிவது, எவ்வாறு பொருத்துவது, மாற்றத்தால் இழப்பது யாது என்னும் மூன்று வினாக்களும் ஒருங்கே ஆராயப்படல் வேண்டும்.

முறுக்குமாற்றியின் தொழில்

கைக்கியர் வண்டியில் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் இணைப்பது கிளச்சு. தானியங்கியில் அவ்விடத்தைப் பெறுவது முறுக்குமாற்றி. இதன் மூலக்கருத்து செருமானியரான ஹெர்மன் ஃபொற்றிங்கருக்கு உரியது. கப்பலின் நீராவிச் சுழலியையும் உந்துவிசிறியையும் நீர்மத்தால் இணைக்க அவர் முயன்றதன் பயனாக 1905ஆம் ஆண்டில் அது காப்புரிமையாக வடிவு பெற்றது. எண்ணெய் நிறைந்த உருண்டைக் கூடொன்றினுள் மூன்று அலகுச்சில்லுகள் உள. எஞ்சினோடு சுழலும் முதலாவது எண்ணெயை வீசுகின்றது. இரண்டாவது அவ்வீச்சை ஏற்றுக் கியர்ப்பெட்டியைச் சுழற்றுகின்றது. நடுவிலுள்ள நிலைச்சில்லு திரும்பிவரும் எண்ணெயைத் திசைமாற்றி முதலாவதற்குத் துணையாக்குகின்றது. வண்டி அசையாது நிற்க எஞ்சின் உந்தும் வேளையில் முறுக்குவிசை ஏறத்தாழ இருமடங்காகப் பெருகும். இரண்டு சில்லுகளின் வேகமும் நெருங்க நெருங்க அப்பெருக்கம் குறைந்து மறையும்.

இங்கு இரண்டு குறிப்புகள் மனங்கொள்ளத்தக்கன. வேக வேறுபாடு உள்ளவரை இழக்கப்படும் வலு முழுவதும் வெப்பமாகி எண்ணெயிற் சேரும் என்பது முதலாவது. இப்பெருக்கம் எஞ்சின் சில்லை உந்தும்போது மட்டுமே உண்டு. இறக்கத்திற் சில்லு எஞ்சினை உந்தும்போது இல்லை என்பது இரண்டாவது. பின்வருவன பலவும் இவ்விரண்டினின்றும் பிறப்பனவே.

தெரிதற்குரியவை

அதே நிறுவனத்தின் மூன்று தானியங்கிகள் இவ்வண்டிகளுக்குப் பொதுவாகக் கருதப்படுவன. டேர்போ ஹைட்ராமற்றிக் 400 என்பது 1964இல் வெளிவந்தது. அதன் கியர் விகிதங்கள் 2.48, 1.48, 1.00. பெருவண்டிகளுக்கென ஆக்கப்பட்ட இது வலிமையிற் சிறந்தது. ஆயின் பாரமும் உள்ளுராய்வும் கூடியது. 1969இல் வந்த 350 எனும் இளையது 2.52, 1.52, 1.00 எனும் விகிதங்களையுடையது. சிறியது, இலேசானது, நடுத்தர எஞ்சினுக்குப் போதுமானது. 1982இல் வந்த 700-ஆர்4 என்பது 3.06, 1.63, 1.00, 0.70 என நான்கு கியர்களைக் கொண்டது. நான்காவது கியரில் எஞ்சின் செலுத்துதண்டினும் மெதுவாகச் சுழலும். இவற்றோடு, 400இன் வழிவந்ததாய் 1991இல் வெளியான 4எல்80-இ என்பதனையுங் கூறலாம். 2.48, 1.48, 1.00, 0.75 எனும் விகிதங்களையும் முன்னோனின் வலிமையையும் உடையதெனினும், அதனை ஆளுவது மின்னணுக் கருவியாதலின் பழைய வண்டிக்குத் தனியான கட்டுப்பாட்டுப் பெட்டியும் உணரிகளும் வேண்டப்படும்.

நான்கு கியர் மூன்றினும் மேலானதன்றோ எனப் பலர் எளிதில் முடிவுகட்டுவர். எண்ணிக்கை விடை தருவதன்று. கணக்கே விடை தரும்.

கணக்குக் காட்டும் உண்மை

அச்சு விகிதம் 4.10 எனவும், ரயரின் விட்டம் 31 அங்குலம் எனவும், பகிர்வுப்பெட்டி என்.பி. 205 எனவுங் கொள்க. வார்ப்பிரும்புக் கூட்டினுள் பற்சில்லுகளால் இயங்கும் அப்பெட்டியின் தாழ்நிலை விகிதம் 1.96. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில், நேர்க்கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,760 முறை சுழலும். 700-ஆர்4இன் நான்காவது கியரிலோ ஏறத்தாழ 1,930 முறையே சுழலும். நெடுந்தூரம் செல்வோர்க்கு இது பெரும் பயனாகும்.

இனி மலைவழியை நோக்குக. எஸ்.எம். 465இன் முதற்கியர் விகிதம் 6.55. அதனை 1.96ஆலும் 4.10ஆலும் பெருக்க ஏறத்தாழ 52.6 வரும். எஞ்சின் அத்தனை முறை சுழல, சில்லு ஒருமுறை சுழலும் என்பது பொருள். 400இல் அத்தொகை 19.9 ஆகவும், 700-ஆர்4இல் 24.6 ஆகவுங் குறையும். ஏற்றத்தில் முறுக்குமாற்றியின் இருமடங்குப் பெருக்கம் இக்குறையைப் பெரிதும் ஈடுசெய்யும். 700-ஆர்4 ஏறத்தாழ 49 வரையும், 400 ஏறத்தாழ 40 வரையும் எட்டும். அன்றியும் கிளச்சு எரிதலும், எஞ்சின் நின்றுபோதலும் இல்லை. ஆகவே பாறையில் ஏறுவோர் தானியங்கியைப் போற்றுதல் வியப்பன்று.

இறக்கத்தில் நிலைமை வேறாகின்றது. எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும் நிலையில், முறுக்குமாற்றியின் நழுவலைக் கருதாது விடின், கைக்கியர் வண்டி மணிக்கு ஏறத்தாழ 4 கிலோமீற்றரில் இறங்கும்; 700-ஆர்4 உடையது 9 கிலோமீற்றரிலும், 400 உடையது 11 கிலோமீற்றரிலும் இறங்கும். எஞ்சின் தரும் தடை குறைய, அப்பாரம் முழுவதும் பிறேக்கின்மேல் விழும். நெம்புகோலை ஓட்டநிலையிலேயே விட்டுவிடின் முதற்கியரில் எஞ்சின் தடை ஏறக்குறைய இல்லாதொழியும். அந்நிலையில் ஒருவழிக் கிளச்சு தன்போக்கில் வழுக்கிச் சுழல்வதே காரணம். ஆதலின் இறங்கத் தொடங்குமுன் பகிர்வுப்பெட்டியைத் தாழ்நிலைக்கும், நெம்புகோலை ‘1’ எனும் இடத்துக்குங் கொண்டுவருதல் கட்டாயமாகும்.

இவ்விழப்பை ஒருவாறு ஈடுசெய்தற்கும் வழியுண்டு. தாழ்நிலை விகிதம் 2.61 உடைய என்.பி. 208, அல்லது 2.72 உடைய என்.பி. 241 எனும் பகிர்வுப்பெட்டியைச் சேர்ப்பின், 700-ஆர்4உடன் மொத்த விகிதம் முறையே ஏறத்தாழ 32.7, 34.1 என உயரும். ஆயின் இவை அலுமினியக் கூடும் சங்கிலியும் உடையன. 205இன் உறுதியை இவற்றிடம் எதிர்பார்த்தலாகாது.

வெப்பமெனும் பகை

தானியங்கியின் அழிவுக்கு முதற்காரணம் வெப்பம். கொலராடோ மாநிலத்தில் யூரே, டெல்லுரைட் எனும் ஊர்களை இணைக்கும் இமொஜீன் கணவாய் ஏறத்தாழ 4,000 மீற்றர் உயரமுடையது. அவ்வுயரத்தில் வளியமுக்கம் கடல்மட்டத்ததன் ஐந்தில் மூன்று பங்களவே. எஞ்சின் வலுவிழக்க, வண்டி மெல்ல ஊர, முறுக்குமாற்றி நெடுநேரம் நழுவிக்கொண்டே இருக்கும். வேகமின்மையாற் காற்றோட்டமும் குறையும். எண்ணெய் கருகி, முத்திரைகள் இறுகி, உட்கிளச்சுகள் தேயும். கைக்கியர் வண்டியின் ரேடியேற்றரிற் பெரும்பாலும் எண்ணெய் குளிர்த்தும் பகுதி இராது. ஆகவே அப்பகுதியுள்ள ரேடியேற்றரும், அதன் முன்னே தனிக் குளிர்த்தியும், எண்ணெயின் வெப்பநிலை காட்டும் மானியும் மாற்றத்தின் உறுப்புகளே. அவற்றை ஆடம்பரமென ஒதுக்குதல் தகாது.

700-ஆர்4இல் இன்னும் இரண்டு நுட்பங்கள் உள. ஆக்சிலேற்றர் மிதி எவ்வளவு அழுத்தப்பட்டது என்பதை அப்பெட்டிக்கு அறிவிப்பது ஒரு கம்பிவடம். எண்ணெயமுக்கம் அதன் நிலையையே பொறுத்தது. அது தளர்வாக அமையின், அமுக்கங் குறைந்து, புதிய பெட்டியும் குறுகிய தூரத்துள் எரிந்துபோகும். அன்றியும், நெடுஞ்சாலை வேகத்தில் முறுக்குமாற்றியை இறுகப் பூட்டும் உட்கிளச்சுக்கு மின்னிணைப்பு வேண்டும். அதனைப் பொருத்தாது விடின் நழுவலும் வெப்பமும் நீங்கா. பெரும்பாரம் இழுக்கையில் நான்காவது கியரைத் தவிர்த்து மூன்றாவதிலே செல்லுதல் முறையாகும்.

350, 400 எனும் இரண்டும் எஞ்சினின் வெற்றிடத்தைக் கொண்டு சுமையை உணர்வன. டீசல் எஞ்சினில் அவ்வெற்றிடம் பிறவாதாகையால் தனி வெற்றிடப் பம்பி வேண்டும்.

பொருத்துகையிற் கவனிக்கத்தக்கன

செவ்ரொலே வி-8 எஞ்சினின் பின்முகத் துளையமைப்பு இம்மூன்று பெட்டிகளுக்கும் ஒத்தது. ஆயின் பியூக், ஓல்ட்ஸ்மொபீல், பொன்ரியக், கடிலாக் எஞ்சின்களுக்கென வார்க்கப்பட்ட 400 பெட்டிகள் வேறு துளையமைப்பை உடையன. பெயரை மட்டும் நம்பி வாங்குபவர் ஏமாறும் இடம் இதுவாம்.

பறப்புச்சில்லு நீக்கப்பட்டு, அதற்கீடாக மெல்லிய நெகிழ்தட்டுப் பூட்டப்படும். அதன் விளிம்புப் பற்கள் 153 அல்லது 168 ஆகும். அதற்கேற்ற தொடக்கும் மோட்டரே பொருந்தும். எஞ்சினின் பிரதான தண்டின் முனையிலே கைக்கியருக்கென இருந்த வெண்கலத் தாங்கியைக் கழற்றிவிடல் வேண்டும்; இல்லையேல் முறுக்குமாற்றியின் முனை உட்செல்லாது. முறுக்குமாற்றி எண்ணெய்ப்பம்பியினுள் முற்றாக அமர்ந்தபின், அதற்கும் நெகிழ்தட்டுக்கும் இடையே ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிமீற்றர் இடைவெளி காணப்படும். அவ்விடைவெளியின்றி மரையாணிகளை வலிந்து இறுக்குபவர், வண்டி ஓடுமுன்னரே பம்பியை உடைத்துவிடுவர்.

பகிர்வுப்பெட்டியோடு இணையும் தண்டின் தவாளிப்புகளும் ஒத்திருத்தல் வேண்டும். 350, 700-ஆர்4 என்பவற்றில் அவை 27, 400இல் 32, எஸ்.எம். 465இற் பெரும்பாலும் 10. எனவே பகிர்வுப்பெட்டியின் உட்செலுத்தும் பற்சில்லும், இடைப்பட்ட இணைப்புக்கூடும் மாறும். பெட்டியின் நீளம் மாறுதலால் குறுக்குச்சட்டம் இடம்பெயரும். முன்பின் செலுத்துதண்டுகளில் ஒன்று குறுகும், ஒன்று நீளும். முன் அச்சின் பற்பெட்டி இவ்வண்டிகளில் வலப்புறத்தது. பகிர்வுப்பெட்டியும் வலப்புறம் தண்டை வெளியிடுவதாக இருத்தல் வேண்டும். உறுப்புகள் யாவையும் உடைய பழைய வண்டியொன்றினின்று முழுத்தொகுதியாக வாங்குதல், தனித்தனியே தேடுதலினும் பெரும்பாலும் சிக்கனமானது.

நிறுத்திவைக்கும் வண்டி

இறுதியாக, மிகச் சிறியதாய்த் தோன்றி மிகப் பெரியதாய் முடியும் ஒன்றுண்டு. தானியங்கியின் நிறுத்தநிலை, கியர்ப்பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டையே பூட்டுகின்றது, சில்லுகளையன்று. இரண்டிற்குமிடையே பகிர்வுப்பெட்டி உள்ளது. அது நடுநிலையில் இருப்பின், நெம்புகோல் நிறுத்தநிலையில் இருந்தும் வண்டி சரிவில் உருளும். ஆதலின் கைப்பிறேக்கைச் செம்மை செய்யாது இம்மாற்றத்தை முடித்ததாகக் கொள்ளலாகாது. நிறுத்தநிலையிலோ நடுநிலையிலோ மட்டுமே எஞ்சின் தொடங்கவிடும் காப்பு ஆளியும் அவ்வாறே இணைக்கப்படல் வேண்டும்.

முடிவாகக் கூறுமிடத்து, பெரும்பாரம் இழுத்து மலையில் உழைக்கும் வண்டிக்கு 400உம், நெடுஞ்சாலையையும் காட்டுவழியையும் ஒருங்கே நாடுபவர்க்குச் செவ்வையாகப் பொருத்தப்பட்ட 700-ஆர்4உம், இலேசான தொழிலும் சிறுசெலவும் வேண்டுபவர்க்கு 350உம் பொருந்துவனவாம். செங்குத்தான இறக்கமே நாடோறும் வழியாக உடையவர்க்கு, கால் இடங்கொடுக்குமாயின், பழைய கைக்கியரே நன்று. தேர்வின் அளவுகோல் கருவியின் புதுமையன்று, அது செய்யவேண்டிய தொழிலேயாம். ஏறும் வலியை மட்டும் கணக்கிட்டு இறங்கும் வழியைக் கணக்கிடாதவர் பாதிக் கணக்கே செய்தவராவர்.