எதிர்வீட்டு அண்ணனின் கால்

“அக்கா, இதை ரேடியோவில் போட்டுடாதீங்க.”

இரவு நிகழ்ச்சி முடிந்த பிறகு வந்த அழைப்பு அது. தம்பி தூக்க மாத்திரையைக் கரைத்துக் காலில் ஊசி போட்டுக்கொள்கிறானாம். பாதம் வீங்கிக் கறுத்துவிட்டதாம். “ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா மானம் போயிடும்னு அம்மா அழுறாங்க.”

எனக்கு ஜித்ராவில் எங்கள் எதிர்வீட்டில் இருந்த அண்ணன் நினைவுக்கு வந்தார். லாரி ஓட்டியவர். முப்பது வயதுக்குள் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். இனிப்புநீர் என்று வீட்டார் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். அவர் இறந்த பிறகுதான் அவருடைய அம்மா உண்மையைச் சொன்னார். அதுவும் ஊசிதான்.

2000-களின் தொடக்கத்தில், ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள நம் நாட்டுத் தனியார் கிளினிக்குகளில் சுபுடெக்ஸ் மாத்திரை கொடுத்தார்கள். நாக்கின் அடியில் வைக்க வேண்டிய மருந்து. சிலர் அதைக் கரைத்து, டோர்மிகம் என்ற தூக்க மாத்திரையோடு கலந்து ஊசியில் ஏற்றினார்கள். 2006-இல் சுபுடெக்ஸுக்குப் பதிலாக, ஊசியில் ஏற்றுவதைத் தடுக்கும் மருந்து சேர்த்த சுபோக்சோன் வந்தது. ஆனால் ‘டோர்மி’ தெருவை விட்டுப் போகவில்லை.

விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் மருந்து மட்டும் இல்லை. மாவும் பிணைப்புப் பொருள்களும் உண்டு. அவை தண்ணீரில் முழுதாகக் கரையாது. ஊசி தவறித் தமனியில் இறங்கினால், அந்தத் துகள்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துவிடும். இரத்தம் போகாத சதை அழுகும். ஹெராயினோடு சேர்ந்தால் ஆபத்து இன்னும் பெரிது: இரண்டும் மூச்சை மந்தமாக்கும், தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம்.

‘தீங்கு குறைப்பு’ என்றால் போதைக்குப் பச்சைக்கொடி காட்டுவது என்று நினைக்கிறோம். 2002-இல் மலேசியாவில் 6,978 பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது, பெரும்பாலோர் ஊசியால் போதைமருந்து ஏற்றியவர்கள். 2005-இல் மெத்தடோன் சிகிச்சையும், மறு ஆண்டு பினாங்கு உட்பட மூன்று நகரங்களில் ஊசி மாற்றுத் திட்டமும் தொடங்கின. எதிர்ப்பு பலமாக இருந்தது. இன்று புதிய எச்.ஐ.வி. தொற்றுகளில் ஊசியால் வருபவை மிகச் சிறு பங்கே. ஆளை முதலில் உயிரோடு வைத்தால்தான் பிறகு திருத்த முடியும்.

ஆனால் சுத்தமான ஊசி கிருமியைத்தான் தடுக்கும். மாத்திரைத் துகளைத் தடுக்காது. மெத்தடோனும் ஹெராயின் போன்றவற்றுக்கு மட்டுமே மாற்று. தூக்க மாத்திரையை மருத்துவர்தான் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வந்து உயிரே போகலாம்.

ஊசி போட்ட இடத்தில் கடும் வலி, நிறமாற்றம், குளிர்ச்சி இருந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். என்ன மாத்திரை என்று மறைக்காதீர்கள். எழுப்பியும் எழாமல், குறட்டைபோல மூச்சு இழுத்தால் 999-ஐ அழையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியே விடாதீர்கள்.

அன்றிரவு அந்தத் தங்கையிடம் நான் சொன்னது ஒன்றுதான்: “மானத்தை நாளைக்குப் பார்த்துக்கலாம்மா. இப்பவே காரை எடுங்க.”

மூன்று வாரம் கழித்து மீண்டும் அழைத்தார். இரண்டு விரல் போய்விட்டது. கால் இருக்கிறது.

எதிர்வீட்டு அண்ணனுக்காக அன்று யாரும் காரை எடுக்கவில்லை.