பைசாவைத் தூக்கிப் போடலாமா?

குட்டீஸ், அம்மா உங்கள் கையில் 200 ரூபாயைக் கொடுத்து, கூடவே ஒரு சீட்டையும் நீட்டுகிறார். சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறீர்கள். துவரம்பருப்பு 47.80, வெண்டைக்காய் 31.25, குளியல் சோப்பு 62.50, தக்காளி 18.40, ரவை 38.75. எல்லாம் கூடையில் விழுந்தாகிவிட்டது. பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி ஜாடியில் மிட்டாய். விலை 3 ரூபாய். எடுக்கலாமா, வேண்டாமா?

பேப்பரும் இல்லை, பேனாவும் இல்லை. பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். மனக்கணக்குதான் ஒரே வழி.

"பைசா எதற்கு? விட்டுவிடுவோம்" என்று நினைத்தால், 47, 31, 62, 18, 38. கூட்டினால் 196. மிட்டாயோடு 199. ஆஹா, எடுத்துவிடலாம்!

ஆனால் பில் 201 ரூபாய் 70 பைசா என்று வருகிறது. எல்லார் முன்னாலும் மிட்டாயைத் திரும்ப வைக்க வேண்டியதுதான். எவ்வளவு அசடு வழியும், யோசித்துப் பாருங்கள்!

என்ன தப்பு நடந்தது? ஐந்து பொருளிலும் பைசாவை வெட்டி எறிந்தோம். 80, 25, 50, 40, 75 என்று நாம் எறிந்தது மொத்தம் 2 ரூபாய் 70 பைசா. கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் தெரியவில்லை.

வெட்டுவதற்குப் பதில் 'முழுதாக்கி'ப் பார்ப்போம். புள்ளிக்கு அடுத்து வரும் இலக்கம் 5 அல்லது அதற்கு மேல் என்றால் ஒரு ரூபாய் கூட்டிக்கொள்ள வேண்டும். 4 அல்லது அதற்குக் கீழே என்றால் பைசாவை விட்டுவிட வேண்டும். 48, 31, 63, 18, 39. கூட்டுத்தொகை 199. உண்மையான தொகை 198.70. வித்தியாசம் 30 பைசாதான்! சிலவற்றில் கூட்டினோம், சிலவற்றில் குறைத்தோம். ஒன்றின் பிழையை இன்னொன்று சரிக்கட்டிவிட்டது. 199-உடன் 3 சேர்த்தால் 202. மிட்டாய் கிடையாது. சோகம்தான், ஆனாலும் மானம் தப்பியது.

இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. ஒரு பொருளுக்கு அதிகபட்சம் 50 பைசா பிழை வரலாம். ஐந்து பொருளுக்கு 2.50 வரை போகலாம். ஆகவே 199 என்றால் 'நிச்சயம் 200-க்குள்' என்று சத்தியம் செய்ய முடியாது. பணம் இவ்வளவு இறுக்கமாக இருந்தால் பைசாவையும் சேர்த்தே கூட்டிவிடுங்கள். கையில் 300 ரூபாய் இருந்தால் அந்தக் கவலையே இல்லை.

இன்னொரு வம்பு. 12.45 விலையில் 8 நோட்டு வாங்குகிறீர்கள். ஒவ்வொன்றையும் 12 என்று முழுதாக்கினால் 96 ரூபாய். உண்மையில் 99.60! விதிப்படிதானே செய்தோம்? செய்தோம், ஆனால் எட்டு முறையும் பிழை ஒரே பக்கம் சாய்ந்தது. சரிக்கட்ட ஆள் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் முதலில் பெருக்கிவிட்டு, கடைசியில் முழுதாக்குவதே நல்லது.

பெரியவர்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள். கனடாவில் வான்கூவர் என்ற நகரம். அங்கே அப்போது ஒரு பங்குச் சந்தை இருந்தது. (1999-ல் அது வேறொரு சந்தையுடன் இணைந்துவிட்டது.) நம் ஊர் சென்செக்ஸ் மாதிரி அவர்களும் 1982 ஜனவரியில் ஒரு குறியீட்டு எண்ணைத் தொடங்கினார்கள். ஆரம்ப மதிப்பு 1000. பங்கு கைமாறும்போதெல்லாம் கம்ப்யூட்டர் அதைப் புதிதாகக் கணக்கிடும். ஒரு நாளைக்குச் சுமார் 2,800 முறை! ஒவ்வொரு முறையும் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்களை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடும். முழுதாக்காது, நாம் பைசாவை எறிந்தது போல வெறுமனே வெட்டும். வெட்டுப்பட்ட எண்ணை வைத்தே அடுத்த கணக்கு.

சந்தையில் வியாபாரம் மோசமில்லை. குறியீட்டு எண் மட்டும் மாதாமாதம் இறங்கிக்கொண்டே போனது. 1983 நவம்பரில் ஏறத்தாழ 525-க்கு வந்துவிட்டது. அப்புறம் தவற்றைக் கண்டுபிடித்துச் சரியாகக் கணக்கிட்டார்கள். வந்த விடை ஏறத்தாழ 1099! ஒரு சனி, ஞாயிறு விடுமுறை முடிவதற்குள் எண் இரண்டு மடங்குக்கும் மேலாகிவிட்டது.

அவ்வளவு பெரிய ஓட்டையா என்று சந்தேகமா? நாமே தோராயமாகப் பார்க்கலாம். வெட்டுப்படும் நான்காவது இலக்கம் 0 முதல் 9 வரை எதுவாகவும் இருக்கலாம், சராசரி 4.5. அதாவது ஒரு முறைக்கு 0.00045 நஷ்டம். 2,800 முறைக்கு 1.26. மாதத்துக்கு 20 வேலை நாள் என்றால் சுமார் 25. தொடங்கியதிலிருந்து 22 மாதத்துக்கு 550. உண்மையில் காணாமல் போனது 574. பேப்பரும் பேனாவும் இல்லாமலே எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டோம், பார்த்தீர்களா?