க்யூட் என்றால் பாராட்டா?

ஆங்கிலத்தில் ‘லவ்’ என்ற வேரில் முளைத்த பெயரடைகள் பார்க்க அக்கா தங்கை போலிருக்கும்; செய்யும் வேலை வேறு. லவ்லி என்பது பார்ப்பவருக்குக் கிடைக்கும் இதத்தைச் சொல்வது. முகம், மாலைப்பொழுது, மதியச் சாப்பாடு எதற்கும் ஒத்துப்போகும். லவபிள் குணத்துக்கு உரியது. அசடு வழியும் சினிமா காமெடியன் லவபிள். அவரை லவ்லி என்றால் ஒட்டாது. லவிங் அன்பு காட்டுபவருக்கு, பிலவட் அன்புக்கு உரியவருக்கு. பிலவட் இரங்கல் செய்திகளில் அதிகம் புழங்கும் சொல் என்பதால், பிறந்தநாள் வாழ்த்தில் சற்றுக் கனத்தே ஒலிக்கும்.

அழகைச் சொல்பவற்றில் பியூட்டிஃபுல் பெரியது, ப்ரெட்டி மெல்லியது. மலைத்தொடரை ப்ரெட்டி என்றால் மலை சிறுத்துவிடும். ஹேண்ட்சம் ஆண்களுக்கு மட்டும் என்பது பள்ளிக்கூடப் பாடம். பெண்ணைச் சொல்லவும் அது வரும். அப்போது அது குறிப்பது கம்பீரத்தை. பழைய மாளிகையும் கணிசமான தொகையும்கூட ஹேண்ட்சம்தான்.

கவனிக்கவேண்டிய சொல் க்யூட். ‘அக்யூட்’ தலையிழந்து பிறந்த இது, 18ஆம் நூற்றாண்டில் சாமர்த்தியசாலியைக் குறித்தது. அழகு என்ற பொருளை ஏற்றியது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கா. பழைய வாடை முழுக்கப் போகவில்லை: “டோன்ட் கெட் க்யூட் வித் மீ” என்று ஓர் அமெரிக்கர் சொன்னால், என்னிடம் வாலாட்டாதே என்று பொருள்.

க்யூட் குனிந்து பார்த்துச் சொல்லும் சொல். கைக்குழந்தை, நாய்க்குட்டி வரை சரி. மீட்டிங்கில் ஒரு பெண் பொறியாளர் முன்வைக்கும் திட்டத்தை மேலாளர் “க்யூட் ஐடியா” என்றால், தலையைத் தடவி உட்காரவைத்ததாகவே ஆகும். இங்கே வாட்ஸ்அப் குழுக்களில் எண்பது வயதுப் பாட்டியின் படத்துக்குக் கீழேயும் வரிசையாக க்யூட். குடும்பத்தையே சுமந்து நிமிர்த்தியவர் அந்த ஒரு சொல்லில் பொம்மையாகிவிடுகிறார். சொற்களின் பொருள் மாறத்தான் செய்யும் என்பவர்கள் உண்டு. நைஸ் என்பது ஆங்கிலத்துக்குள் வந்தபோது அசடு என்றுதான் பொருள். பிறகு எதற்கெடுத்தாலும் நைஸ் என்பதை ஜேன் ஆஸ்டனே ‘நார்த்தாங்கர் அபே’ நாவலில் ஒரு பாத்திரத்தைக் கொண்டு கேலி செய்தார். ஆனால் நைஸ் காலியாகிப்போன பாத்திரம், யாரையும் சுடாது. க்யூட்டுக்குள் ஆளைச் சிறுக்கவைக்கும் பொருள் இன்னும் மிச்சமிருக்கிறது.

அடோரபிள் முதலில் வழிபடத்தக்கது என்றே பொருள்பட்டது. இன்று க்யூட்டுக்குப் பக்கத்து வீடு, பாசம் மட்டும் கொஞ்சம் கூடுதல். ஸ்வீட் பெரும்பாலும் ஒருவர் செய்த உதவிக்குச் சொல்வது. சார்மிங் பேச்சையும் பழகும் விதத்தையும் பாராட்டும், சில வாய்களில் லேசான சந்தேகத்தோடு.

கடைசியாக ஹோம்லி. தமிழ்நாட்டு வரன் விளம்பரங்களில் இது குடும்பப் பாங்கான பெண். பிரிட்டனில் வீட்டின் இதமும் எளிமையும். அமெரிக்காவிலோ முகலட்சணம் போதாதவர். அங்கேயே பிறந்து வளர்ந்த மாப்பிள்ளைக்கு அனுப்பும் பயோடேட்டாவில் அதை அடித்துவிட்டு ‘ஃபேமிலி ஓரியன்டட்’ என்று போட்டுக்கொள்வது உத்தமம்.