உங்களுக்குத் தெரியுமா? எச்.ஐ.வி. வரும் வழியும் வராத வழியும்

சுங்கை ஆயர் தாவார் ஆனாலும் கோல சிலாங்கூர் தோட்டங்கள் ஆனாலும், எச்.ஐ.வி. என்றதும் கொசுவுக்கும் காப்பிக் கோப்பைக்கும் பயப்படுகிறவர்கள் இன்னும் உண்டு. அது வரும் வழிகளோ விரல் விட்டு எண்ணக்கூடியவை.

● மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று பதிவானது 1986-இல். அதே ஆண்டில் இந்தியாவிலும் முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். பாலியல் தொழிலாளர்களிடம் எடுத்த ரத்தத்தைப் பாதுகாக்க இடமில்லாமல், நிர்மலா தம் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்து வேலூர் சி.எம்.சி.க்கு ரயிலில் கொண்டுபோனார்.

● கொசு கடிக்கும்போது நம் உடலுக்குள் விடுவது தன் எச்சிலை. முன்பு குடித்த ரத்தத்தை அல்ல. டிங்கிக் கிருமி கொசுவுக்குள் பெருகி எச்சிலில் கலக்கும். எச்.ஐ.வி. கொசுவின் வயிற்றிலேயே செரித்துப்போகும். ஆகவே கொசுவால் டிங்கி வரும், எச்.ஐ.வி. வராது.

● கிருமியைக் கடத்துபவை: ரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால். வியர்வை, கண்ணீர், எச்சில் கடத்துவதில்லை. கட்டிப்பிடிக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தலாம்.

● மலேசியாவில் 2002-இல் மட்டும் ஏறத்தாழ 7,000 பேருக்குப் புதிதாகத் தொற்று உறுதியானது. அப்போது பெரும்பாலோருக்கு அது வந்தது, போதைப்பொருளுக்காக ஒரே ஊசியைப் பலர் குத்திக்கொண்டதால். அரசு 2005-இல் மெத்தடோன் சிகிச்சையையும், 2006-இல் பழைய ஊசிக்குப் புது ஊசி தரும் திட்டத்தையும் தொடங்கியது. ‘போதைக்கு அரசே துணைபோகிறதே’ என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. ஆனால் ஊசிவழித் தொற்று சரிந்தது. இப்போது ஆண்டுக்குச் சுமார் 3,000 புதிய தொற்றுகள். அவற்றில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் பாதுகாப்பில்லாத உடலுறவால் வருபவை.

● உலகின் மிகப் பெரிய ஆணுறைத் தயாரிப்பு நிறுவனமான காரெக்ஸின் தலைமையகம் நம் சிலாங்கூரில், கிள்ளான் துறைமுகத்தில் இருக்கிறது. ஆணுறைக்கு மூலப்பொருள், நம் தாத்தா பாட்டிமார் விடியற்காலையில் மரம் வெட்டி வாளியில் சேர்த்த அதே ரப்பர் பால்தான். ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. தேங்காய் எண்ணெய், பேபி ஆயில், வேசலின் எது பட்டாலும் ஆணுறை இளகிக் கிழியும். தண்ணீர் அடிப்படையிலான ஜெல் போதும். பர்ஸிலும் மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியிலும் மாதக்கணக்கில் வைத்தால் வெப்பத்தில் கெட்டுவிடும். உறையைப் பிரிக்குமுன் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

● தொற்றிய இரண்டு முதல் நான்கு வாரத்தில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டைவலி, உடல்வலி, தோலில் சிவப்புத் தடிப்பு வரும். டிங்கியோ சளிக்காய்ச்சலோ என்று நினைப்பதற்குள் தானாகப் போய்விடும். உடலில் கிருமி மிக அதிகமாக இருப்பதும், பிறருக்கு எளிதில் பரவுவதும் அந்த நாள்களில்தான். பிறகு பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் தெரியாமல் போகலாம். ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது, ரத்தம்தான் சொல்லும்.

● தைப்பூசம், பங்குனி உத்திரம் நெருங்கினால் இதைக் கவனியுங்கள்: ஒருவருக்குக் குத்திய அலகையும் முள்ளையும் அப்படியே அடுத்தவருக்குக் குத்தக் கூடாது. விபூதியும் எலுமிச்சைச் சாறும் கிருமியைக் கொல்லா. எச்.ஐ.வி.யைவிட எளிதாகப் பரவும் ஹெபடைடிஸ் பி-யும் இதே வழியில் வரும். ஆளுக்கு ஒரு செட். அதுவும் முறைப்படி கிருமி நீக்கியதாக இருக்கட்டும். முடிவெட்டும் கடையிலும் பச்சை குத்தும் இடத்திலும், புது பிளேடு, புது ஊசி என்று கேட்டு வாங்கக் கூச்சம் வேண்டாம்.

● சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு. கர்ப்பத்திலேயே மருந்தைத் தொடங்கினால் 5 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிடும். மலேசிய அரசு கிளினிக்குகளில் 1998 முதல் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிறார்கள். தாய்–சேய் தொற்றை ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் மலேசியாவுக்குச் சான்று தந்தது. மேற்கு பசிபிக் வட்டாரத்தில் அதைப் பெற்ற முதல் நாடு நாம்தான். கர்ப்பகாலப் பதிவேடான ‘பிங்க் புக்’ போட கிளினிக்குக்குத் தாமதமாகப் போகும் கர்ப்பிணி உங்கள் வீட்டில் இருந்தால், இதைச் சொல்லி அனுப்புங்கள்.

● ‘எனக்கு இருக்கிறதா, இல்லையா?’ என்று தெரிந்துகொள்ள ரத்த தானம் செய்யாதீர்கள். தொற்றிய முதல் சில நாள்களில் எந்தச் சோதனையிலும் கிருமி சிக்காமல் போகலாம். அந்த ரத்தம் இன்னொருவர் உடலில் ஏறும். சந்தேகம் இருந்தால் பரிசோதனைக்குப் போங்கள், தானத்துக்கு அல்ல. ஊர் கிளினிக்கில் தெரிந்த முகம் இருக்கும் என்று தயக்கமா? தஞ்சோங் காராங், தெலுக் இந்தான், எந்த ஊர் அரசு கிளினிக்கிலும் பரிசோதனை செய்துகொள்ளலாம். முதல் சோதனை ‘இல்லை’ என்று சொன்னாலும், சந்தேகத்துக்குரிய சம்பவம் நடந்து மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

● தொற்று உள்ளவர் மருந்தை நாள் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. இதற்கு வழிகாட்டிய பன்னாட்டு ஆய்வில் சென்னைத் தம்பதிகளும் பங்கெடுத்தார்கள். சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் பரவல் 96 விழுக்காடு குறைகிறது என்று 2011-இல் அந்த ஆய்வு காட்டியது.

● தொற்று இல்லாதவர்கள் முன்கூட்டியே சாப்பிடும் தடுப்பு மாத்திரையும் இருக்கிறது, பெயர் ‘பிரெப்’. அதைத் தொடங்குமுன் எச்.ஐ.வி. இல்லை என்று பரிசோதனையில் உறுதிசெய்வது கட்டாயம். மலேசியாவில் சில அரசு கிளினிக்குகள் 2023 முதல் இதை வழங்கத் தொடங்கின.

● ஆணுறை கிழிந்துவிட்டதா? அடுத்தவருக்குப் போட்ட ஊசி குத்திவிட்டதா? 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட்டால் தொற்றைத் தடுக்க வாய்ப்பு அதிகம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சனிக்கிழமை இரவு நடந்தால் திங்கட்கிழமை கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு அன்றைக்கே போய், நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.