கூரை போட்ட பிறகும் காற்று ஏன் கத்துகிறது?

ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். சென்ற பருவ விடுமுறை முடிந்து நான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியபோது என் சித்தப்பாதான் தம் காடியில் என்னைக் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் அவர் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். காற்று இரைச்சலில் எனக்குப் பாதிதான் கேட்டது. மீதிக்குச் சிரித்துத் தலையாட்டி வைத்தேன். தாப்பா ஓய்விடத்தில் நிறுத்தித் தேநீர் வாங்கியபோதுதான் தெரிந்தது: தாம் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆள்குறைப்பு வரப்போகிறது, பட்டியலில் தம் பெயரும் இருக்கலாம் என்பதைத்தான் அவர் அதுவரை சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். நான் அதற்குச் சிரித்திருக்கிறேன்.

"பரவால்ல பாப்பா, இந்தக் காடியில உக்காந்தா எமன் கூப்பிட்டாலும் கேக்காது," என்றார் அவர். "நீ இஞ்சினியரிங் தானே படிக்கிற, இதுக்கு ஒரு வழி சொல்லேன்."

இக்கட்டுரை அந்த வழியைத் தேடியதன் விளைவு.

முதலில் காடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது மாஸ்டா எம்எக்ஸ்-5 ரகத்தின் முதல் தலைமுறை. 1989 பிப்ரவரியில் சிகாகோ மகிழுந்துக் கண்காட்சியில் அறிமுகமாகி, அதே ஆண்டில் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இரண்டே இருக்கைகள், மடக்கி வைக்கும் துணிக்கூரை. துணிக்கு மேல் மாட்டிக்கொள்ள ஹார்ட்டாப் எனப்படும் கழற்றி மாட்டும் கெட்டிக் கூரையும் தனியாகக் கிடைக்கும். எடை சுமார் 20 கிலோ. இருவர் சேர்ந்தால் தூக்கி வைத்துவிடலாம். மதியம் வெயில், மாலை மழை என்று வாழும் நம் நாட்டில் இத்தகைய காடி வைத்திருப்பவர் கெட்டிக் கூரையைத் தேடுவதில் வியப்பில்லை. சித்தப்பா அதை அரைவெட்டுக் காடிகள் விற்கும் உதிரிப்பாகக் கடையில் வாங்கினார். "துணி போயி இரும்பு மாதிரி கூரை வந்தாச்சு, இனிமே சத்தம் இருக்காது" என்பது அவருடைய கணக்கு. மழை நின்றது. சத்தம் நிற்கவில்லை. ஒலித்தடுப்புத் தகடு ஒட்டும் கடை ஒன்றில் விசாரித்தபோது, ஏறக்குறைய அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்டார்கள். வேலை போகுமோ என்று இருப்பவர் அந்தப் பணத்தைக் கொடுக்கலாமா, கொடுத்தால்தான் பலன் இருக்குமா?

காற்று எப்படிச் சத்தம் போடுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். மேற்பரப்பைத் தழுவிச் சீராக ஓடும் காற்று அதிகம் ஒலி எழுப்புவதில்லை. ஒரு விளிம்பில் பிய்த்துக்கொண்டு சுழலத் தொடங்கும்போதுதான் இரைச்சல் பிறக்கிறது. மகிழுந்தில் அதற்குப் பேர்போன இடம், முன்கண்ணாடியின் இரு பக்கமும் நிற்கும் தூண். அங்கே காற்று வளைந்து திரும்ப முடியாமல் சுருண்டு, சுழலாகப் பக்கக் கண்ணாடியின் மேல் உருள்கிறது. காற்றோட்டம் ஒலியாக மாறுவதைக் கணக்கில் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் லைட்ஹில், ஆண்டு 1952. கெட்டியான பொருள்மேல் காற்று மோதும்போது எழும் ஒலியின் ஆற்றல் வேகத்தின் ஆறாம் அடுக்கில் ஏறுகிறது என்று 1955இல் கர்ல் காட்டினார். ஆறாம் அடுக்கு என்றால் வேகம் இரட்டித்தால் ஒலியாற்றல் 64 மடங்கு! மணிக்கு 90 கிலோமீட்டரிலிருந்து நெடுஞ்சாலையின் உச்ச வரம்பான 110க்குப் போனாலே ஆற்றல் மூன்று மடங்குக்கு மேல், அதாவது சுமார் 5 டெசிபல், கூடிவிடும்.

ஆகவே செலவே இல்லாத முதல் மருந்து மெதுவாகப் போவது. சித்தப்பாவிடம் சொன்னேன். "பின்னாடி வர்ற லோரிக்காரன் ஹாரன் அடிப்பான், அந்தச் சத்தத்துக்கு என்ன மருந்து?" என்றார்.

தூணில் பிறக்கும் சுழலை நாம் அழிக்க முடியாது. அது காடியின் வடிவத்தோடு வந்தது. நாம் செய்யக்கூடியது, வெளியே பிறந்த ஒலியை உள்ளே விடாமலிருப்பது. இங்கேதான் இவ்வகைக் காடியின் பலவீனம் தெரிகிறது. சாதாரண மகிழுந்தில் கதவுக் கண்ணாடியைச் சுற்றி உலோகச் சட்டம் இருக்கும். இதில் இல்லை. கண்ணாடி தனியாக மேலெழுந்து கூரையின் ரப்பரில் சாய்ந்துகொள்கிறது. நம் பட்டறைகளில் மலாயில் கெத்தா என்பார்களே, அந்த ரப்பர் விளிம்புதான் ஒரே காவல்.

வேகம் கூடும்போது அந்தக் காவலுக்கும் சோதனை வருகிறது. 110 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று மோதும் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 57 கிலோ எடைக்குச் சமம். பக்கவாட்டில் காற்று விரைந்து ஓடுவதால் அங்கே அழுத்தம் குறைந்து, கண்ணாடி வெளிப்பக்கம் உறிஞ்சப்படுகிறது. கால் சதுர மீட்டர் கண்ணாடியில், மோதும் அழுத்தத்தில் பாதியளவு உறிஞ்சல் என்று வைத்துக்கொண்டாலும், 7 கிலோ எடையைக் கட்டி வெளியே இழுப்பது போன்றது. நிறுத்தி வைத்திருக்கும்போது ரப்பரைத் தொட்டுக்கொண்டிருக்கும் கண்ணாடி, ஓட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகிவிடலாம். வீட்டு வாசலில் பார்த்து "எல்லாம் ஒட்டித்தான் இருக்கு" என்று சொல்வது ஏன் போதாது என்பது இப்போது புரியும்.

ஒரு மில்லிமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். கண்ணாடியின் விளிம்பில் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டர் இடைவெளி என்றால் 15 சதுர சென்டிமீட்டர். ஒரு தீப்பெட்டியின் முகப்பளவு ஓட்டை. நல்ல கண்ணாடி தன்மேல் விழும் ஒலியாற்றலில் சுமாராக ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். ஓட்டையோ தன்மேல் விழுவதை முழுதாக விடும். கண்ணாடியின் பரப்பில் நம் ஓட்டை ஆயிரத்தில் ஆறு பங்கு. ஆக உள்ளே வருவது ஏழு பங்கு. அதில் ஆறு ஓட்டை வழியாக. இப்போது கண்ணாடியை எவ்வளவு தடிமனாக்கினாலும், கூரையில் எத்தனை தகடு ஒட்டினாலும், அந்த ஆறு அப்படியேதான் இருக்கும். ஒரு மாதச் சம்பளம் கேட்ட கடைக்கு நான் வேண்டாம் என்று சொன்னதற்கு இந்தக் கணக்குத்தான் காரணம்.

சரி, ஓட்டை எங்கே? காதை நம்பினால் ஏமாந்துபோவோம். சிறிய கூண்டுக்குள் ஒலி எங்கும் மோதித் திரும்புவதால் திசை தெரியாது. நாங்கள் மூன்று சோதனைகள் செய்தோம். ஒரு துண்டுக் காகிதத்தை ரப்பருக்கும் கண்ணாடிக்கும் இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்ப்பது முதலாவது. ஒவ்வொரு சாண் தூரத்திலும் இழுக்க வேண்டும். தடையில்லாமல் வழுக்கி வந்தால் அங்கே பிடிப்பில்லை. இரண்டாவது, ரப்பரில் சுண்ணக்கட்டித் தூளைத் தடவிக் கதவை மூடித் திறப்பது. கண்ணாடியில் விழும் வெள்ளைக் கோடு எங்கெங்கே அறுந்திருக்கிறதோ அங்கங்கே இடைவெளி.

மூன்றாவதுதான் ஐயத்துக்கு இடமில்லாதது. சாயம் பூசுவோர் பயன்படுத்தும் காகித ஒட்டுநாடாவால் எல்லா இணைப்புகளையும் வெளியிலிருந்து மூடிவிட்டு ஓட்டிப் பார்ப்பது. சத்தம் நன்றாகக் குறைந்தால் குற்றவாளி இணைப்புகளில்தான் இருக்கிறான். பிறகு நாடாவை ஒவ்வோர் இடமாக உரித்துவிட்டு அதே பாதையில், அதே வேகத்தில் மீண்டும் ஓட்ட வேண்டும். சத்தம் எப்போது திரும்புகிறதோ, கடைசியாக உரித்த இடம்தான் ஓட்டை. நான் இடப்பக்க இருக்கையில் அமர்ந்துகொள்ள, சித்தப்பா என் கதவைச் சுற்றி ஒட்டிவிட்டுத் தம் பக்கம் ஏறிக்கொள்வார். சிம்பாங் பூலாயில் ஏறிக் கோப்பெங்கில் இறங்கினோம், பல முறை. சாலைக்கட்டணம்தான் செலவு. காகித நாடா என்றால் அவசரத்தில் கதவைத் தள்ளினால் கிழிந்துவிடும், துணிநாடாவை ஒட்டிவிடாதீர்கள். உரிப்பதை அவசரத் தடத்தில் நின்று செய்யவும் கூடாது.

சோதனையில் தெரிந்தது இதுதான். முன்பக்க இணைப்பில் குறையில்லை. இடப்பக்கக் கண்ணாடியின் மேல் விளிம்பிலும், அதன் பின்மூலையிலும் காற்று புகுந்தது. காரணம் கண்ணாடியில் மட்டும் இல்லை. கூரையே சில மில்லிமீட்டர் வலப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தது. பக்கக் கொக்கி ஒன்றும் தளர்ந்திருந்தது.

இங்கே வரிசை முக்கியம். கூரையைச் சரியாக உட்கார வைத்த பிறகுதான் கண்ணாடியைத் தொட வேண்டும். முதலில் கண்ணாடியைச் சரிசெய்துவிட்டுப் பிறகு கூரையை நகர்த்தினால் முதல் வேலை வீண். எனவே காடியைச் சமதரையில் நிறுத்தி, எல்லாக் கொக்கிகளையும் தளர்த்தி, இருபுறமும் அளந்து நடுவில் வைத்து, முன்னும் பக்கமும் பின்னும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். அதிலேயே பாதிக் குறை தீர்ந்தது.

கண்ணாடி வேலைக்குச் சித்தப்பாவின் நண்பரான ஒரு ஃபோர்மன் துணைக்கு வந்தார். கதவின் உள்பலகையைக் கழற்றினால் கண்ணாடியின் சாய்வையும் உயரத்தையும் மாற்றும் போல்ட்டுகள் இருக்கின்றன. தொடுவதற்கு முன் அவை இருந்த இடத்தை மை எழுதுகோலால் குறித்துக்கொள்ளச் சொன்னார் அவர். பொன்னான அறிவுரை, எங்கள் முதல் முயற்சி முன்பைவிட மோசமாகிப் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டியிருந்தது. மேல் விளிம்பு ரப்பரை முழு நீளத்துக்கும் இலேசாக அழுத்த வேண்டும். பேராசைப்பட்டு அதிகம் உள்ளே சாய்த்தால் கதவை மூடும்போது கண்ணாடி ரப்பரில் இடித்து, நாளடைவில் ரப்பரைக் கிழிக்கும் அல்லது கண்ணாடியே நொறுங்கும். இன்னொன்று: கெட்டிக் கூரைக்கு ஏற்றபடி அமைத்த கண்ணாடி, துணிக்கூரைக்கு அதே அளவு பொருந்தும் என்று சொல்ல முடியாது. எது அதிகம் பயன்படுகிறதோ அதற்கு முதலிடம் கொடுக்க வேண்டியதுதான்.

ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. தாத்தா பாட்டி பால்மரம் வெட்டிய குடும்பங்களில் வந்த நம்மில் பலர், இது நம் தோட்டத்து ரப்பர் என்று நினைக்கக்கூடும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இயற்கை ரப்பர் வெயிலிலும் ஓசோனிலும் வெடித்துவிடும் என்பதால் கதவு விளிம்புகளுக்கு ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். கிரீஸ், மண்ணெண்ணெய் எதையும் தடவக் கூடாது. சிலிகோன் கிரீஸ்தான் ஏற்றது. முப்பது ஆண்டுகள் நசுங்கிக் கிடந்து தட்டையாகிவிட்ட ரப்பர் தடவலால் எழுந்து நிற்காது. புதிது வாங்க வசதியில்லையென்றால், உள்ளே கூடாக இருக்கும் ரப்பருக்குள் மெல்லிய சிலிகோன் குழாயைச் செருகி அதை நிமிர்த்தலாம். நாங்கள் இரண்டு சாண் நீளத்துக்கு அதைத்தான் செய்தோம். குழாய் தடித்தால் கதவு மூடாது.

ஓட்டைகளை அடைக்கும் ஆர்வத்தில் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. எல்லா ஓட்டையும் பகையில்லை. இந்தக் காடியில் இருக்கைகளுக்குப் பின்னால், கூரையின் மழைநீர் இறங்கி ஓட இரு பக்கமும் வடிகால் துளைகள் இருக்கின்றன. அங்கே சிலிகோன் பசையைப் பீச்சினால் சத்தம் குறைகிறதோ இல்லையோ, நீர் தேங்கிக் கதவுக்குக் கீழுள்ள உலோகப் பெட்டி உள்ளிருந்து துருப்பிடிக்கும். காற்றொலியைக் குறைக்கப் போய்க் காடியையே இழந்த கதையாகிவிடும். நாங்கள் திறந்து பார்த்தபோது காய்ந்த இலைகளே ஒரு துளையை அடைத்திருந்தன, அதை எடுத்துவிட்டோம்.

அப்படியானால் ஒலித்தடுப்புத் தகடு வீணா? இல்லை. உள்துணி இல்லாத கண்ணாடியிழைக் கூரைகள் தகரப் பறைபோல் அதிரும். அவற்றுக்கு அதிர்வை அடக்கும் தகடும், அதன்மேல் ஒலியை உறிஞ்சும் துணியோ நுரையோ பயன் தரும். ஆனால் அது ஓட்டை அடைபட்ட பிறகு செய்யும் வேலை.

எல்லாம் முடிந்து ஓட்டியபோது புதிதாக ஒரு மெல்லிய விசில் கேட்டது. முன்பும் இருந்திருக்கும், பேரிரைச்சலில் மூழ்கியிருந்திருக்கிறது. வானொலிக் கம்பி! மெல்லிய கம்பியைக் கடக்கும் காற்று இருபுறமும் மாறி மாறிச் சுழல்களை உதிர்க்கும். செக் நாட்டு இயற்பியலாளர் ஸ்ட்ரூஹால் 1878இல் இதை அளந்தார். காற்றின் வேகத்தைக் கம்பியின் விட்டத்தால் வகுத்து 0.2ஆல் பெருக்கினால் சுருதி கிடைக்கும். 5 மில்லிமீட்டர் கம்பி 110 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 1,200 ஹெர்ட்ஸில் பாடும். சில காடிகளின் கம்பியில் திருகு போல ஒரு வரி சுற்றியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுழல்கள் ஒன்றுசேர்ந்து பாடாமல் கலைக்கத்தான் அது. சித்தப்பாவின் காடியில் வானொலியை அணைத்தால் மோட்டார் கம்பியைக் கீழே இறக்கிவிடும். மின்னல் பண்பலை கேட்டால் விசில், கேட்காவிட்டால் அமைதி. அவர் அணைத்துவிட்டார்.

ஆள்குறைப்புப் பட்டியல் இன்னும் வரவில்லை. சென்ற மாதம் என்னைக் கொண்டுவந்து விட்டபோது தஞ்சோங் மாலிம் வரை அதைப் பற்றித்தான் பேசினார். ஒரு சொல்லும் தவறாமல் கேட்டது. பிறகு சற்று நேரம் அமைதியாக ஓட்டிவிட்டு, "பாப்பா, கியர் பெட்டியில ஏதோ உறுமுற மாதிரி இல்ல?" என்றார்.